மௌனச் சொல்லுக்குள் ஒரு சிரிப்பு

அயல்மொழி ஒன்றைக் கற்பிப்போர் யாவருக்கும் தெரிந்த சங்கடம் ஒன்றுண்டு. 'மேசை' என்ற சொல்லுக்கு மேசையைக் காட்டிவிடலாம். 'ஓடு' என்பதற்கு ஓடிக் காட்டலாம். 'சிவப்பு' என்ற பெயரடைக்கும் ஒரு செவ்வரத்தம்பூப் போதும். ஆனால் மனத்தின் ஒரு சாயலைக் குறிக்கும் பெயரடை வந்துவிட்டால் ஆசிரியர் எதனைக் காட்டுவார்? அகராதியைப் புரட்டினால் அங்கே இன்னும் நான்கு பெயரடைகள் வரிசையாக நிற்கும். அவை நான்கும் நாம் தேடியதற்கு அண்மையில் உள்ளனவேயன்றி, நாம் தேடியது அவற்றுள் இராது.

இன்றைய உரையில் அத்தகைய ஆங்கிலப் பெயரடை ஒன்றின் பயணத்தை நோக்குவோம். அந்தச் சொல் 'ஹியூமரஸ்'. நாம் அதனை 'நகைச்சுவையான' என்று சொல்லிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுகிறோம். சீன மொழி பேசுவோருக்கு அதன் பொருளை விளக்க எழுந்த முயற்சியோ ஒரு தலைமுறை அறிஞரை ஈடுபடுத்தியது. ஈற்றில் அது, துன்பக் காலத்தில் ஒரு மக்கள் கூட்டம் சிரிக்கலாமா என்ற பெரிய வினாவாகவே மாறிற்று.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். இலத்தீன் மொழியில் 'ஹியூமர்' என்றால் ஈரம், நீர்மம். மனித உடலில் குருதி, சளி, மஞ்சட் பித்தம், கரும் பித்தம் என்ற நான்கு நீர்மங்கள் உள்ளன என்றும், அவற்றின் மிகுதி குறைவே ஒருவனது சுபாவத்தைத் தீர்மானிக்கின்றது என்றும் பண்டைய கிரேக்க மருத்துவர் கருதினர். வாதம், பித்தம், கபம் என்று பேசும் நமக்கு இந்த எண்ணம் புதிதன்று. அவ்வழியே ஐரோப்பாவில் இச்சொல் 'மனப்போக்கு' என்ற பொருளைப் பெற்றது. 1598இல் பென் ஜோன்சன் தமது நாடகமொன்றின் தலைப்பிலேயே இதனை வைத்து, ஒரே மனப்போக்கில் கட்டுண்டு கிடக்கும் விசித்திர மனிதரை மேடையேற்றினார். விசித்திர மனிதரைப் பார்த்துச் சிரித்த ஆங்கிலேயர், பதினெட்டாம் நூற்றாண்டளவில், அந்தச் சிரிப்புக்கே அப்பெயரைச் சூட்டினர். அச்சிரிப்பு கேலியன்று, பிறரைக் குத்தும் அங்கதமுமன்று. மனிதனின் பலவீனத்தைக் கண்டு, தானும் அந்தப் பலவீனத்தில் பங்காளி என்பதை உணர்ந்து, உள்ளுக்குள் மலரும் முறுவல் அது. ஈரம் என்ற மூலப்பொருள் அங்கே வேறொரு வகையில் தங்கிவிட்டது எனலாம்.

இத்தகைய சொல்லைச் சீனருக்கு எவ்வாறு விளக்குவது?

ஆங்கிலமும் சீனமும் சந்தித்த வரலாறு வணிகத்தில் தொடங்கியது. அயல்நாட்டார் சீன மொழியைக் கற்பதைச் சிங் பேரரசு விரும்பவில்லை. 1759இல் ஜேம்ஸ் பிளின்ற் என்ற ஆங்கிலேய வணிகர் பேரரசருக்குச் சீன மொழியில் முறைப்பாடு ஒன்றைச் சமர்ப்பித்தபோது, அவர் சிறையிலிடப்பட்டார். அவருக்கு அதை எழுத உதவிய சீனரோ மரண தண்டனை பெற்றார். இத்தகைய சூழலில்தான் 1807இல் லண்டன் மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த றொபேட் மொறிசன் கன்ரனில் வந்திறங்கினார். மறைவாகவே சீனம் கற்று, அவர் உருவாக்கிய அகராதி 1815 முதல் 1823 வரை மக்காவோவில் கிழக்கிந்தியக் கம்பனியின் அச்சகத்தில் ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் ஆங்கில - சீனப் பகுதி 1822இல் வெளியாயிற்று. ஆயினும் அது பெரிதும் சீனம் கற்க விரும்பிய ஆங்கிலேயருக்கான நூலாகவே அமைந்தது.

ஆங்கிலம் கற்க விரும்பிய சீனருக்குக் கிடைத்தவை வேறு. ஆங்கிலச் சொற்களின் ஒலியைக் கன்ரனீஸ் உச்சரிப்புடைய சீன எழுத்துகளால் குறித்துத் தரும் சிறு கைநூல்கள் துறைமுகக் கடைகளில் விலைபோயின. 1862இல் தாங் திங்ஷூ என்ற வணிகர், இம்முறையைச் செம்மைப்படுத்தி ஆறு பாகங்கள் கொண்ட பெருநூலை வெளியிட்டார். 1868இல் குவாங் சிஜாவ் என்பவர் ஆங்கில - சீன அகராதி ஒன்றைத் தொகுத்தார். சீனர் ஒருவரே தொகுத்த முதல் ஆங்கில - சீன அகராதி அதுவே என்பர். தேயிலை, பட்டு, எடை, விலை, சுங்கம் ஆகியவற்றுக்கு இவை போதுமானவை. மனத்தின் சாயல்களைக் குறிக்கும் பெயரடைகளுக்குத் துறைமுகத்தில் யாதொரு தேவையும் இருக்கவில்லை.

அந்தத் தேவையை உண்டாக்கியவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். ஹக்ஸ்லியின் பரிணாம நூலை 1898இல் சீனத்தில் தந்த யான் ஃபூ, மூலத்துக்கு விசுவாசம், தெளிவு, நடையழகு ஆகிய மூன்றும் மொழிபெயர்ப்பின் இடர்கள் என்று முன்னுரையில் வகுத்தார். ஒரேயொரு கலைச்சொல்லை நிலைநாட்டுவதற்குள் நாட்கணக்காகத் தயங்கி நிற்க வேண்டியிருந்ததாக அவரே குறிப்பிடுகின்றார்.

அவரது தயக்கத்துக்குச் சீன எழுத்து முறையே பெருங் காரணம். நமது எழுத்துகள் ஒலியை மட்டும் குறிப்பவை. ஆங்கிலச் சொல் ஒன்றைத் தமிழில் எழுதினால் அதன் ஒலி வந்துவிடும். 'க'வுக்கும் 'ம'வுக்கும் தனிப்பொருள் இல்லையாதலால் வேறு எண்ணம் எதுவும் இடையில் புகாது. சீன எழுத்து ஒவ்வொன்றும் ஒலியோடு பொருளையும் சுமந்து வருவது. ஓர் அயற்சொல்லின் ஒலியை எழுத முயன்றாலும், தெரிந்தெடுத்த எழுத்துகளின் பொருள் அழையா விருந்தாளியாகக் கூடவே வந்து அமர்ந்துவிடும். ஆகவே சீன மொழிபெயர்ப்பாளனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பொருளை எடுத்துப் புதுத்தொடர் ஆக்குவது. மற்றது, ஒலியை எடுத்துக்கொண்டு, கூட வரும் பொருளோடு எப்படியாவது சமாளிப்பது.

'ஹியூமர்' சீனத்தில் முதலில் இரண்டாவது வழியால் வந்தது. 1906இல் பேரறிஞர் வாங் குவோவெய், பண்டைக் கவிஞர் சூ யுவானைப் பற்றி எழுதிய கட்டுரையில், இச்சொல்லை 'ஓமூயா' என்று ஒலிபெயர்த்தார். நாட்டின் மீது அன்பும், தன்னை ஒதுக்கிய சமூகத்தோடு பிணக்கும் ஒருங்கே கொண்ட அந்தக் கவிஞரின் வாழ்க்கை நோக்கை விளக்க அவருக்கு இச்சொல் வேண்டியிருந்தது. சீனத்தில் அதற்கொரு பெயர் இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனினும் 'ஓமூயா' வேரூன்றவில்லை.

சீனரிடம் சிரிப்புக்குப் பஞ்சம் இருந்ததா? நிச்சயமாக இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சிமா சியன் எழுதிய பெருவரலாற்று நூலில், 'ஹுவாஜி' என்னும் விகடப் பேச்சாளருக்கென்றே தனி அத்தியாயம் ஒன்றுண்டு. அதில் வரும் சுன்யூ குன் என்பவரின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

சீ நாட்டின் மீது சூ நாடு படையெடுத்தது. ஜாவ் நாட்டிடம் உதவி கேட்டு வருமாறு சீ மன்னன் சுன்யூ குன்னை அனுப்பினான். கையுறையாக நூறு கட்டிப் பொன்னும் பத்துத் தேர்களும் கொடுத்தான். சுன்யூ குன் வானத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். தொப்பியின் நாடா அறுந்து விழும்வரை சிரித்தார். "குறைவென்று எண்ணுகிறீரா?" என்று மன்னன் கேட்டான். "எனக்கு அந்தத் துணிவு ஏது? வழியில் ஒரு கமக்காரனைக் கண்டேன். ஒரு பன்றிக் காலையும் ஒரு கிண்ணம் மதுவையும் படைத்துவிட்டு, மேட்டு நிலம் கூடை கூடையாய் விளையவேண்டும், பள்ள நிலம் வண்டி வண்டியாய் விளையவேண்டும், வீடு தானியத்தால் நிரம்பவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தான். கொடுத்தது இவ்வளவு, கேட்டது அவ்வளவு. அதை நினைத்தேன், சிரிப்பு வந்தது" என்ற கருத்தில் அவர் விடை கூறினார். மன்னன் காணிக்கையைப் பன்மடங்கு உயர்த்தினான். ஜாவ் நாடு இலட்சம் வீரரைத் தந்தது. சூ படை இரவோடிரவாகத் திரும்பிச் சென்றது.

பொருள் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் 'ஹுவாஜி' என்ற சொல் காலப்போக்கில் கோமாளித்தனம், கேலிக்கூத்து என்ற பக்கம் சரிந்துவிட்டது. ஆங்கிலப் பெயரடைக்கு நிகராக அதனை வைத்தால், மாணவன் முகத்தில் மாவு பூசிய விதூஷகனையே எண்ணிக்கொள்வான். அகராதியில் நிகர்ச்சொல் இருந்தும் விளக்கம் பிழைத்துப்போகும் இடம் இதுவே.

இந்த இடத்தில்தான் லின் யூதாங் வருகிறார். 1895இல் ஃபூஜியான் மாகாணத்தின் மலைக் கிராமமொன்றில் ஒரு கிறிஸ்தவப் போதகரின் மகனாகப் பிறந்தவர். ஷங்காய் சென்ற் ஜோன்ஸ் கல்லூரியிலும் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்திலும் கற்றவர். ஜேர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் 1923இல் பண்டைச் சீன ஒலியியல் ஆய்வுக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பீக்கிங் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த அவர், 1924 மே மாதம் பீக்கிங் நாளிதழான 'சென்பாவ்' பத்திரிகையின் இலக்கிய அனுபந்தத்தில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் 'ஹியூமர்' என்பதற்கு அவர் முன்வைத்த சொல் 'யோமோ'.

'யோ' என்ற எழுத்துக்கு ஆழ்ந்த, மறைவான, ஒதுங்கிய என்று பொருள். 'மோ' என்றால் மௌனம். இரண்டும் சேர்ந்த தொடர் பழம்பாடல்களில் ஏற்கெனவே உண்டு. சூ யுவானின் பெயரால் வழங்கும் பாடலொன்றில் அது ஆழ்ந்த அமைதியைக் குறிக்கின்றது. நிசப்தத்தைச் சுட்டிய பழஞ்சொல்லை எடுத்துச் சிரிப்புக்குப் பெயராக்கினார் லின். சில வாரங்களின் பின் எழுதிய இன்னொரு கட்டுரையில் அதற்குக் காரணமும் கூறினார். இச்சுவையில் வல்லவனின் விகடம் எவ்வளவுக்கு மறைந்திருக்கின்றதோ அவ்வளவுக்குச் சிறக்கும். அதனைச் சுவைப்பவனும் வாய்விட்டுச் சிரிப்பதைவிட உள்ளத்தின் அமைதியிலேயே அதனை உணர்வான் என்பது அவர் வாதம். அழையா விருந்தாளியாக வந்த பொருளுக்கே வீட்டில் வேலை கொடுத்துவிட்டார் எனலாம்.

இதனை எல்லோரும் ஒப்பவில்லை. லீ சிங்யா 'யூமியாவ்' என்றார். பேச்சின் நயம் என்பது பொருள். சென் வாங்தாவ் 'யோஹுவா' என்றார். அதில் வழுக்கலும் சாமர்த்தியமும் தொனித்தன. யீ பெய்ஜி 'யோமா' என்றார். அதில் வசைபாடலின் சாயல் விழுந்தது. 'சியேமூ' என்று சொன்னவரும் உண்டு. நவசீன இலக்கியத்தின் தலைமகனான லூ சுன்னும் இதில் உடன்படவில்லை. யப்பானிய எழுத்தாளர் ஒருவரின் கட்டுரையை 1926இல் மொழிபெயர்த்தபோது, 'யோமோ' என்ற எழுத்துகளுக்குத் தமக்கென ஒரு பொருள் இருப்பதால், வாசகர் அதனை மௌனம், அமைதி என்று தவறாகக் கொள்ளக்கூடும், ஆதலால் தாம் அதனை விரும்பிக் கையாண்டதில்லை என்று குறித்தார். ஆயினும் அதைவிடச் சிறந்தவொன்று அகப்படாமையால் அவரும் அச்சொல்லையே எழுத நேர்ந்தது. ஒரு சொல்லின் வெற்றிக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி ஏது?

ஆனால் சொல் நிலைத்த பின்னரே உண்மையான வழக்குத் தொடங்கியது.

1931 செப்ரெம்பரில் யப்பானியப் படைகள் மஞ்சூரியாவில் தமது ஆக்கிரமிப்பைத் தொடங்கின. 1932 ஜனவரியில் ஷங்காய் தாக்கப்பட்டது. சீனத்தின் மிகப் பெரிய பதிப்பகமும், மாணவருக்கு ஆங்கில அகராதிகளை அச்சிட்டு வழங்கியதுமான கொமர்சல் பிரஸ் ஜனவரி 29ஆம் திகதி குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. அதன் கீழைத்தேய நூலகம் சில நாட்களில் எரிந்து சாம்பலாயிற்று. அதே ஆண்டு செப்ரெம்பர் 16ஆம் திகதி, அதே ஷங்காய் நகரில், லின் யூதாங் 'லுன்யூ' என்ற பெயரில் நகைச்சுவை இதழ் ஒன்றைத் தொடங்கினார். 'லுன்யூ' என்பது கொன்பூசியஸின் மொழித் தொகுப்பு நூலின் பெயர். புனித நூலின் பெயரைச் சிரிப்பு இதழுக்கு வைத்ததே ஒரு நகைச்சுவைதான். 1933 பெப்ரவரி 17ஆம் திகதி ஜோர்ஜ் பேர்னாட் ஷோ ஷங்காய் வந்தார். சுங் சிங்லிங் அம்மையாரின் இல்லத்தில் நடந்த மதிய விருந்தில் லூ சுன்னும் லின் யூதாங்கும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தனர். மார்ச் முதலாம் திகதிய 'லுன்யூ' ஷோவுக்கெனச் சிறப்பிதழாக வந்தது. எங்கும் 'யோமோ' என்ற பேச்சாயிற்று.

அந்த மேசையில் இருந்த இன்னொருவர் யாங் சிங்ஃபோ. குடியுரிமைப் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர் அவர். லூ சுன், லின் இருவருமே அச்சங்கத்தில் இயங்கியவர்கள். விருந்து நடந்து நான்கே மாதங்களில், ஜூன் 18ஆம் திகதி, யாங் சிங்ஃபோ ஷங்காய் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தப் பின்னணியில் லூ சுன் 1933இல் எழுதிய கட்டுரைகளை வாசிக்கவேண்டும். அங்கதம் எழுதினால் உயிருக்கு ஆபத்து. ஆதலால் எழுத்தாளர் சிரிப்பின் பக்கம் ஒதுங்குகின்றனர். ஆனால் இத்தகைய நாட்டில், இத்தகைய காலத்தில், அச்சிரிப்பு நெடுநாள் நடுவழியில் நிற்கமாட்டாது. ஒன்று சமூகத்தைச் சாடும் அங்கதமாகும், அன்றேல் வெறும் பகிடிக் கதையாகச் சீரழியும் என்பது அவர் கருத்தின் சாரம். கொல்பவனின் கொடூரத்தை ஒரு சிரிப்பாக மாற்றிவிடும் அபாயம் அதில் உண்டென்று அவர் அஞ்சினார்.

லின் இதற்குப் பின்வாங்கவில்லை. 1934இல் 'லுன்யூ'வில் எழுதிய 'யோமோ பற்றி' என்ற நீண்ட கட்டுரையில், ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் மெரடித்தின் கருத்தைத் துணைக்கொண்டு, நகைச்சுவை வளர்ந்த பண்பாட்டின் அடையாளம் என்று வாதிட்டார். லாவோட்சும் சுவாங்ட்சும் அதன் சீன முன்னோர் என்றார். அங்கதம் எதிரியைத் தேடுகின்றது. நகைச்சுவையோ எதிரியிடத்தும் மனிதனைக் காண்கின்றது. அந்தப் பார்வையை இழந்த சமூகத்தில் போலி வேடமே அரசாளும் என்பது அவர் நிலைப்பாடு.

இவ்விருவரில் யார் சரி என்று தீர்ப்பளிப்பது எளிதன்று. லூ சுன் சொன்னவாறே, 'யோமோ' என்ற பெயரில் பல இதழ்கள் வெறும் துணுக்குகளால் நிரம்பின. அதே வேளையில், சிரிப்பை முற்றாகக் கைவிட்ட எழுத்து எத்துணை வறண்டு போகும் என்பதையும் அந்நாட்டின் பிற்கால வரலாறு காட்டிற்று. எனது எண்ணத்தில், அவர்கள் இருவரும் ஒரு பெயரடையின் இரு எல்லைகளையும் அளந்து காட்டினர். அது கோமாளித்தனம் அன்று என்றார் லின். அது தப்பியோடும் வழியாகவும் ஆகிவிடக்கூடும் என்றார் லூ சுன். எந்த அகராதியும் தராத விளக்கம் இது. 1936இல் லின் அமெரிக்கா சென்றார். அவ்வாண்டு ஒக்டோபரில் லூ சுன் காலமானார். பிணக்குற்றிருந்த நண்பருக்காக லின் நினைவுக் கட்டுரை ஒன்று எழுதினார்.

லின் யூதாங் வாதம் மட்டும் புரிந்தவரல்லர், பாடநூல் எழுதியவருங்கூட. 1928இல் கைமிங் பதிப்பகம் வெளியிட்ட அவரது ஆங்கிலப் பாடநூல்கள், ஓவியர் ஃபெங் ஸிகாயின் சித்திரங்களோடு சீனப் பாடசாலைகளில் பெருவழக்குப் பெற்றன. 1972இல் அவர் தொகுத்த சீன - ஆங்கில அகராதியை ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1976இல் ஹொங்கொங்கில் அவர் மறைந்தார்.

இன்று 'யோமோ' சீனத்தில் அன்றாடச் சொல். அது அயலிலிருந்து வந்ததென்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. சீனத்தில் சொல்லின் வடிவம் மாறுவதில்லை. 'யோமோ' என்பதே நகைச்சுவை, நகைச்சுவையான என்ற இரண்டுக்கும் நிற்கும். முன்னே 'மிக' என்னும் பொருள்தரும் 'ஹென்' சேர்த்தால் வாக்கியமே முடிந்துவிடும். அதனாற்போலும், ஆங்கிலம் கற்கும் சீன மாணவர் பலர் இன்றும் "அவர் மிகவும் ஹியூமரஸ்" என்று எழுதவேண்டிய இடத்தில் "அவர் மிகவும் ஹியூமர்" என்று எழுதிவிடுகின்றனர். ஆசிரியர்கள் சிவப்பு மையால் திருத்துகின்றனர். ஆனால் அந்தப் பிழை ஒரு செய்தியையும் சொல்கின்றது: சொல்லின் பொருளை மாணவன் முழுமையாகத் தனதாக்கிக்கொண்டான், எஞ்சியிருப்பது விகுதி மாத்திரமே.

வாங் குவோவெய் பெயர் தேடிய காலத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. விகுதியைக் கற்பிக்க ஆசிரியர் இருந்தனர். பொருளைக் கற்பிக்கச் சொல் இருக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப ஏறத்தாழ முப்பது ஆண்டுகளும், ஓர் இதழும், இரு பெரும் எழுத்தாளரின் நட்பும் செலவாயின. மனத்தின் சாயலைக் குறிக்கும் ஒரு பெயரடையைப் பிறமொழியாளருக்கு விளக்க முற்படும் எவரும் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நன்று. சுன்யூ குன் கண்ட கமக்காரனைப்போல, ஒரு நிகர்ச்சொல்லைப் படைத்துவிட்டு வீடு நிறைய விளைச்சலை எதிர்பார்த்தலாகாது.